நம் நாட்டார் செய்யுந் தொழில்கள்: எழுபதாண்டு மாற்றம்

நம் கல்லூரியின் பழைய சஞ்சிகைகளைப் புரட்டுவோர் ஏறத்தாழ ஒவ்வோர் இதழின் கடைப்பக்கங்களிலும் ‘பழைய மாணவர் செய்திகள்’ என்னும் பகுதியைக் காண்பர். இன்னார் எழுதுவினைஞர் சேவைப் பரீட்சையிற் சித்தியெய்திக் கொழும்புக் கந்தோரொன்றில் நியமனம் பெற்றார். இன்னார் புகையிரத நிலைய அதிபராக உயர்வு பெற்றார். இன்னார் மலாயாவிலே சேவை முடித்து இளைப்பாறி ஊர் திரும்பினார் என அச்செய்திகள் செல்லும். தந்தையாரின் தோட்டத்தைப் பொறுப்பேற்று வெங்காயச் செய்கையிற் சிறந்து விளங்கும் பழைய மாணவர் எவரையும் அப்பக்கங்களில் நாம் கண்டிலோம். அத்தகையோர் இல்லாமலில்லை, பலர் இருந்தனர். அவர்களைப் பற்றி எழுதுவதும் ஒரு செய்தியாகும் என்று நமக்குத் தோன்றவில்லை, அவ்வளவே.

இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனக் கேட்கப்பட்டபோது இதுவே நம் நினைவுக்கு வந்தது. ஒரு நாட்டு மக்கள் எத்தொழில்களாற் சீவிக்கின்றனர், அத்தொழில்களின் பங்கு காலத்துக்குக் காலம் எங்ஙனம் மாறுகின்றது என்பதை உயர்தர வகுப்பு மாணாக்கர் பொருளியற் பாடத்திற் படிக்கின்றனர். பாடநூலில் அது ஓர் அட்டவணையாக நிற்கும். அவ்வட்டவணையில் நம் தந்தையரும் பாட்டன்மாரும் நாமும் இருக்கின்றோம் என்பதை உணர்ந்து படிக்கும் மாணாக்கர் மிகச் சிலரே.

முதலிற் சொற்பொருளைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். பயிர்ச்செய்கை, மீன்பிடி, காடுபடு தொழில் ஆகியன முதனிலைத் தொழில்கள் எனப்படும். மூலப்பொருளைப் பண்டமாக்குந் தொழில்களும் கட்டடத் தொழிலும் இரண்டாம் நிலையின. வாணிகம், போக்குவரத்து, கல்வி, வைத்தியம், அரசாங்க சேவை முதலியன மூன்றாம் நிலையின. சுரங்கத் தொழிலை முதலாம் வகுப்பில் வைப்பாரும் உளர், இரண்டாம் வகுப்பில் வைப்பாரும் உளர். இப்பாகுபாட்டை வழக்கிற் கொணர்ந்தவர்களுள் அலன் பிஷர், கொலின் கிளார்க் என்னும் இருவரும் முதன்மையானவர். பிஷர் 1935 இலும் கிளார்க் 1940 இலும் வெளியிட்ட நூல்களின் கருத்துச் சுருங்கக் கூறின் இதுவே: நாடு செல்வமடையுந்தோறும் மக்கள் முதலாம் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கும், பின்னர் மூன்றாம் நிலைக்கும் பெயர்வர். காரணம் எளிது. வருவாய் இருமடங்காயினும் வயிறு இருமடங்காவதில்லை. உண்பொருளுக்குச் செலவாகும் பங்கு சுருங்கச் சுருங்க, உடைக்கும் வீட்டுக்கும் அப்பாற் கல்விக்கும் பயணத்துக்கும் செலவிடும் பங்கு பெருகும். அதே வேளையில் நல்ல விதையும் இயந்திரமும் வந்து, முன்னர் நால்வர் விளைவித்ததை ஒருவரே விளைவிப்பர். எஞ்சிய மூவர் வேறு தொழிலை நாடுவர்.

இனி நம் நாட்டை நோக்குவோம். சுதந்திரத்தை அடுத்து 1953 இல் எடுத்த குடிசன மதிப்பின்படி, தொழில் செய்வாருள் நூற்றுக்கு ஐம்பதுக்கு மேற்பட்டோர் பயிர்த்தொழிலையே சார்ந்திருந்தனர். 1963 இலும் நிலைமை அதுவே. 1971 இல் அப்பங்கு சரியாகப் பாதியளவில் நின்றது. 1981 இல் நாற்பத்தைந்தளவிற்கு இறங்கியது. 2000 ஆம் ஆண்டளவில் மூன்றிலொரு பங்கை அண்மித்தது. 2019 இல் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பேர் பயிர்த்தொழிலிலும், 28 பேர் கைத்தொழிலிலும், 47 பேர் சேவைகளிலும் இருந்தனர். அட்டவணையை மேலோட்டமாகப் பார்ப்பவர் பிஷரும் கிளார்க்கும் கூறியவாறே யாவும் நடந்தன என்று முடிவு கட்டி, பக்கத்தைப் புரட்டிவிடுவர்.

மாணாக்கர் இவ்விடத்திற் சற்று நிற்றல் வேண்டும். நாம் கூறியவை யாவும் வீதங்கள். வீதம் குறைந்ததென்பதால் ஆட்கள் குறைந்தனர் என்பது பெறப்படாது. 1971 இல் தொழில் செய்தோர் தொகை 36 இலட்சத்துக்குச் சற்று மேல். அதிற் பாதி 18 இலட்சம். 2019 இல் தொழில் செய்தோர் தொகை ஏறத்தாழ 82 இலட்சம். அதிற் காற்பங்கு 20 இலட்சத்துக்கு மேல். ஆகவே, வீதம் பாதியாகக் குறைந்த இவ்வரை நூற்றாண்டில், நிலத்தை நம்பிச் சீவிப்போர் தொகை குறையவில்லை. சிறிது கூடியே இருக்கிறது. நிலமோ கூடவில்லை. தந்தை ஒருவரிடம் இருந்த பரப்புகள் பிள்ளைகள் நால்வருக்கு எங்ஙனம் பிரிந்தன என்பதை யாழ்ப்பாணத்து உறுதிகளைப் பார்த்தோர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

வேறொரு நாட்டை அருகில் வைத்துப் பார்த்தால் இது மேலும் தெளிவாகும். 1963 இலே தென் கொரியாவிற் தொழில் செய்வாருள் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் பயிர்த்தொழிலில் இருந்தனர். அஃதாவது நம்மினும் கூடுதலாகவே இருந்தனர். 1990 இல் அங்கு அது இருபதுக்குங் கீழே சென்றது. அங்கே விட்டு நீங்கியோரைத் தொழிற்சாலை வாயில் திறந்து ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் 1950களிற் காங்கேசன்துறையிற் சீமெந்தும், வாழைச்சேனையிற் கடதாசியும், பரந்தனில் இரசாயனப் பொருள்களும் செய்யத் தொடங்கினோம். நல்ல முயற்சிகளே. எனினும், 1971 இலும் பண்ட உற்பத்தித் தொழில்களில் இருந்தோர் பத்திலொரு பங்கினரளவிலேயே நின்றனர். நிலத்திலிருந்து மேலெழுந்தவர்க்கு நடுப்படி இல்லை. எட்டிக் கால் வைக்க வல்லவர் மூன்றாம் படிக்குத் தாவினர்; ஏனையோர் நின்றவிடத்திலே நின்றனர்.

பயிர்த்தொழில் என்னும் ஒரு சொல்லுக்குள் நம் நாட்டில் இரண்டு உலகங்கள் அடங்கியிருந்தன என்பதையும் ஈண்டுக் குறித்தல் தகும். காலையிற் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்து, கங்காணி காட்டிய மலையிற் கொழுந்து பறித்து, மாலையில் நிறுத்துக் கொடுத்துக் கூலி பெறும் மலையகப் பெண் எவ்வகையிற் கமக்காரி ஆவாள்? அவள் வாழ்வு ஆலைத் தொழிலாளியின் வாழ்வையே ஒக்கும். நிலமும் வீடும் அவளுடையனவல்ல. நாட்டின் ஏற்றுமதி வருவாயிற் பெரும்பகுதியை ஈட்டித்தந்த அம்மக்களின் குடியுரிமை 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பறிபோயிற்று. 1964 இற் செய்த சிறிமா–சாத்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டு, 1,50,000 பேரின் கதியைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. எஞ்சியோர் யாவர்க்கும் உரிமை கிடைத்தது 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேதான். 1970களின் பின் பெருந்தோட்டத் தொழிலாளர் தொகை இறங்கியதைச் சிலர் வளர்ச்சியின் அடையாளமாகக் காட்டுவர். கப்பலேறிச் சென்றவரை வளர்ச்சியினால் விலகியவரென்று கணக்கெழுதுதல் முறையன்று.

இனி நம் ஊர்க் கிணற்றடிக்கு வருவோம். அங்கே நடந்த மாற்றத்தை எந்த அறிக்கையும் வேண்டாமல் நம்மிற் பலர் கண்ணாரக் கண்டுள்ளோம். துலாவினால் நீரிறைத்த காலத்தில் ஒரு தோட்டத்துக்கு மூவராவது வேண்டும். ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பர். ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டை பிடித்து ஊற்றுவர். ஒருவர் பயிர்களுக்கிடையே நின்று மண்வெட்டியால் வாய்க்காலை வெட்டித் தண்ணீர் மாறுவர். விடியற்காலையிற் தொடங்கும் இவ்வேலைக்கு வீட்டாரும் அயலாரும் முறைவைத்துக் கூடுவர். பள்ளிக்கூட மணி அடிக்குமுன் ஒரு சுற்றுத் தண்ணீர் மாறிவிட்டு ஓடிவந்த மாணாக்கர் நம் காலத்திற் பலர் இருந்தனர். அவர்கள் கணுக்காலிற் செம்மண் காய்ந்திருக்கும். 1950களிலும் 1960களிலும் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் ஊரூராக வந்தது. அதன்பின் ஒருவரே இயந்திரத்தை முடுக்கிவிட்டுத் தண்ணீரும் மாறினார். மூவரில் இருவர் மிஞ்சினர். பொருளியலார் உழைப்பு விடுபடுதல் என்று பெயரிட்டு நூலெழுதும் நிகழ்ச்சி நம் கிணற்றடியில் இவ்வாறு இரைச்சலோடும் புகையோடும் நடந்தது.

விடுபட்ட அவ்விருவர் எங்கே சென்றனர்? ஒருவர் கூலி வேலைக்கோ வன்னியிற் காடு வெட்டிக் கமஞ்செய்யவோ சென்றார். மற்றவர் பெரும்பாலும் சிறுவர். அவர் பாடசாலைக்கு வந்தார். 1945 இல் வந்த இலவசக் கல்வியே வகுப்பறைகளை நிரப்பிற்று என்பது யாவரும் அறிந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் அதிலே ஒரு பங்கு உண்டென்பது நம் எண்ணம்.

பாடசாலைக்கு வந்தவர் எதை நாடிப் படித்தார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்’ என்பது நம் ஊர்ப் பழமொழி. இதனைச் சொல்லி நம்மவரை நகைப்பார் உளர். நகைக்குமுன் நிலத்தையும் பார்த்தல் வேண்டும். ஆறில்லாத குடாநாடு, சுண்ணாம்புப் பாறைமேற் படிந்த மண், மாரி பொய்த்தால் வயலில் ஒன்றுமில்லை, தோட்டமோ துண்டு துண்டாகப் பிரிந்தது. இத்தகைய நிலத்தில், மாதந்தவறாத சம்பளமும் முதுமையில் ஓய்வூதியமும் தரும் உத்தியோகத்துக்கு மகனை ஆயத்தஞ் செய்த தந்தை மூடரல்லர், கணக்கறிந்தவர். கொழும்பிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் மாதந்தோறும் வந்த காசுக்கட்டளைகளே கல்வீடுகளாகவும் சீதனமாகவும் கிணறுகளாகவும் மாறின. ‘மணியோடர் பொருளாதாரம்’ என்று யாழ்ப்பாணத்தைக் குறித்துப் பிறர் சொன்னதில் ஏளனம் சிறிது இருந்தாலும் பொய் இல்லை.

ஆயின் அக்கணக்கு ஒரே வாயிலை நம்பிய கணக்கு. 1956 ஆம் ஆண்டு அரசகரும மொழிச் சட்டம் அவ்வாயிலிற் பெருங் கதவைச் சாத்திற்று. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் பல்கலைக்கழக வாயிலையும் ஒடுக்கிற்று. தமிழிளைஞர்க்கு இவை தனித்த துன்பங்கள். எனினும், படித்தவர்க்கு வேலையில்லாமை அக்காலத்தில் நாடு முழுவதுக்கும் பொதுவான நோயாயிருந்தது. 1971 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி உழைக்க விரும்புவோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேர் வேலையற்றோர். அவ்வாண்டு சித்திரையில் தெற்கிலே இளைஞர் கிளர்ச்சி மூண்டது. அதே ஆண்டில், பேராசிரியர் டட்லி சியேர்சின் தலைமையிற் சர்வதேசத் தொழில் தாபனம் அனுப்பிய குழு இங்கு வந்து ஆராய்ந்தது. நாட்டில் வேலைகள் குறைவென்பது மட்டுமன்று, பள்ளிக்கூடம் வளர்க்கும் எதிர்பார்ப்பு ஒன்று, நாடு அளிக்கக்கூடிய வேலை வேறொன்று. இரண்டும் பொருந்தவில்லை என அக்குழு சுட்டிக்காட்டிற்று. அறிக்கையின் பெயரிலேயே அப்பொருத்தமின்மை பேசப்பட்டது. ஆசிரியராகிய நாம் அதை வாசிக்கும்போது மனம் நோகாமல் இருக்க முடியாது. துறைமாறி வந்த பிள்ளைகளுக்கு நாம் காட்டிய வழி ஒன்றேயாயிருந்தது.

இங்கே ஒரு விந்தையான இடைக்காலத்தையும் சொல்லாமற் போகக்கூடாது. 1970 முதல் 1977 வரை இருந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைத் தடுத்தும் கட்டுப்படுத்தியும் வைத்தது. நாடெங்கும் பாணுக்கு வரிசையில் நின்ற அவ்வாண்டுகளில் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் நிமிர்ந்து நடந்தனர். செத்தல் மிளகாய் விற்ற காசில் வீடு கட்டினோரும் உழவு இயந்திரம் வாங்கினோரும் உளர். சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு நியமனக் கடிதத்தை எதிர்பார்த்திருந்த இளைஞர் சிலர் மண்வெட்டியை எடுத்தனர். வெட்கமின்றி எடுத்தனர், ஏனெனில் அது காசு தந்தது. தொழிலின் மதிப்புத் தொழிலிலே இல்லை, வருவாயிலே இருந்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று நாமறியோம். 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டு மிளகாய் வந்திறங்கியது. அவ்விளைஞரிற் பலர் மண்வெட்டியைச் சாத்தி வைத்தனர்.

1977 இன் பின் தெற்கிலே நிகழ்ந்தது வேறு. 1978 இற் கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்து தையற் பொறிகளின் முன் அமர்ந்தனர். 1980களின் பிற்பகுதியில் ஆடை ஏற்றுமதி தேயிலையை முந்திற்று. 1992 இல் ஆடைத் தொழிற்சாலைகளைக் கிராமங்களுக்கே கொண்டுசெல்லும் திட்டம் வந்தது. இரண்டாம் நிலைத் தொழிலிற் காணும் வளர்ச்சிக்கு இப்பெண்களின் விரல்களும், கட்டடத் தொழிலாளரின் தோள்களும் பெரும் காரணங்கள். வடக்கிலோ அவ்வாண்டுகளில் எதிர்மாறாக நடந்தது. 1983 இன் பின் போர் விரிந்தது; 1990 இற் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை நின்றது; அவ்வாண்டே யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதமும் நின்றது, மீண்டும் வர 2014 ஆயிற்று. ஒரு தலைமுறை முழுவதும் நாட்டின் அட்டவணைக்கு வெளியே நின்றது. இது வெறும் அணியன்று. 2001 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை வடக்கு, கிழக்கின் பல மாவட்டங்களில் முழுமையாக எடுக்க முடியவில்லை.

வெளிநாட்டு வேலையை எந்த நிலையிற் சேர்ப்பது? மேற்காசியாவுக்குப் பணிப்பெண்களாகச் செல்லத் தொடங்கியோர் தொகை பெருக, 1985 இல் அதற்கெனப் பணியகமொன்று சட்டத்தால் நிறுவப்பட்டது. 1990களின் நடுப்பகுதியிற் பதிவு செய்து சென்றோருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். 2022 இன் நெருக்கடியில் ஓராண்டுக்குள் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் பதிவு பெற்றுப் புறப்பட்டனர். நம்மூரவரோ பெரும்பாலும் வேறு வழியாற் சென்று, கனடாவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் நிலைகொண்டனர். காசுக்கட்டளை வங்கிக் கணக்காயிற்று, கொழும்பு தொறொன்றோவாயிற்று. வேறென்ன மாறியது என்று சில வேளைகளில் எண்ணத் தோன்றும்.

மூன்றாம் நிலை என்பது மேனிலை என்று மாணாக்கர் மயங்குதல் கூடாது. சத்திரசிகிச்சை நிபுணரும் சேவை. சந்தை வாயிலிற் கச்சான் விற்கும் மூதாட்டியும் சேவை. 2018 அளவில் இந்நாட்டிற் பதிவாகியிருந்த முச்சக்கர வண்டிகள் பதினொரு இலட்சத்துக்கு மேல்; அவற்றை ஓட்டுவோரும் சேவைத் துறையினரே. 2019 இல் தொழில் செய்வாருள் நூற்றுக்கு ஏறத்தாழ 57 பேர் முறைசாராத் தொழில்களில், அஃதாவது ஓய்வூதியமோ சேமலாப நிதியோ எழுத்து மூலமான நியமனமோ பெரும்பாலும் இல்லாத தொழில்களில் இருந்தனர். அரசாங்க சேவையில் இருந்தோர் நூற்றுக்குப் பதினைந்தளவினர். இவ்விரண்டு எண்களையும் ஒன்றாக வைத்து நோக்கினால், 2017 இல் யாழ்ப்பாணத்து மாவட்டச் செயலகத்தின் முன் பட்டதாரிகள் ஏன் மாதக்கணக்கிற் சத்தியாக்கிரகம் இருந்தனர் என்பது விளங்கும். அவர்கள் கேட்டது கோறணமேந்துக் கோழியை மட்டுமன்று. நாளைக்கும் இருக்கும் ஒரு வேலையை.

நிலத்தை விட்டு ஏன் செல்கின்றனர் என்பதற்கும் ஒரு சிறு கணக்குப் போதும். நூறு பேர் உழைத்து நூறு ரூபா ஈட்டும் நாடென்று நம் நாட்டைச் சுருக்கிக் கொள்வோம். அவர்களுள் 25 பேர் பயிர்த்தொழிலினர். அவர்கள் ஈட்டுவதோ ஏழு அல்லது எட்டு ரூபா. எட்டென்றே கொள்வோம், ஆளுக்கு 32 சதம். ஏனைய 75 பேர் 92 ரூபா ஈட்டுவர். ஆளுக்கு ஒரு ரூபா 22 சதத்துக்கு மேல். ஏறத்தாழ நான்கு மடங்கு. கமக்காரனின் மகன் இக்கணக்கை எழுதிப் பார்ப்பதில்லை. தந்தையாரின் வீட்டிலே பார்த்து வளர்கின்றான். அவனிடம் மண்ணின் பெருமையைப் பேசி நிறுத்தப் பார்ப்போர், தம் பிள்ளைகளை எங்கே வைத்திருக்கின்றனர் என்று அவன் திருப்பிக் கேட்டால் நம்மிற் பலரிடம் விடையிராது.

எனினும் பெயர்ச்சி ஒரே திசையிற் செல்வதன்று. 2020 இற் பெருந்தொற்று வந்து கந்தோர்களும் கடைகளும் ஆலைகளும் அடைபட்டபோது, பயிர்த்தொழிலின் பங்கு 27 ஆக உயர்ந்தது. வேலையிழந்தோர் நிலத்துக்குத் திரும்பினர். விளைவு பெருகியதால் அன்று, வேறு போக்கிடம் இல்லாமையால். அடுத்த ஆண்டே இரசாயன உரத் தடை வந்து, திரும்பியோரையும் திரும்பாதிருந்தோரையும் ஒருங்கே வருத்திற்று.

உயர்தர வகுப்பு மாணாக்கர்க்கு ஒரு பயிற்சியைக் கூறி நிறுத்துவோம். உங்கள் ஒழுங்கையிற் பத்து வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் பாட்டனார், தந்தையார், மூத்த பிள்ளை ஆகிய மூவரின் தொழிலையும் கேட்டு எழுதி, மூன்று நிலைகளிற் பகுத்துப் பாருங்கள். விரைவில் இடர்ப்படுவீர்கள். காலையிற் தோட்டத்திற் தண்ணீர் மாறிவிட்டு எட்டு மணிக்குப் பாடசாலையிற் கரும்பலகை முன் நின்ற பாட்டனாரை எங்கே எழுதுவது? தபாற் கந்தோரில் இளைப்பாறி இப்போது மாடு வளர்ப்பவரை எங்கே எழுதுவது? வெங்காயம் நடவும் களைபிடுங்கவும் புகையிலை உணர்த்தவும் நாள் முழுவதும் நின்றுவிட்டு, கேட்டால் ‘நான் வீட்டிலே சும்மாதான்’ என்று சொல்லும் பாட்டியாரை எந்தப் பத்தியில் எழுதுவது? குடிசன மதிப்பு எழுத வந்தவர் அவரை எங்கே எழுதினார் என்பதையும் முடிந்தாற் கேட்டறியுங்கள். தொகுத்தவற்றை அடுத்த இதழின் ஆசிரியருக்கு அனுப்பினால், ‘பழைய மாணவர் செய்திகள்’ வரும் அதே பக்கங்களில் அவற்றை இடும்படி நாம் அவரைக் கேட்டிருக்கின்றோம்.